மோட்டார் யந்திரத்தின் வால்வு நோய்களும் அவற்றை அறியும் முறையும்

மருத்துவன் ஒருவன் நோயாளியின் நாடியைப் பாராமலும், அவன் கூறுவதைக் கேளாமலும், கண்ட மாத்திரத்திலேயே கத்தியைக் கையிலெடுப்பானாயின், அவனை நாம் மருத்துவன் என்று மதிக்கமாட்டோம். ஆயினும் நம் மோட்டார் வண்டி பழுதுற்ற காலத்தில், இத்தகைய வைத்தியத்தையே பெரும்பாலும் கூலி கொடுத்துச் செய்வித்துக்கொள்கின்றோம். வண்டி இழுக்கவில்லை என்றவுடன், "இன்ஜினை இறக்கவேண்டும்" என்ற தீர்ப்புப் பிறக்கின்றது. அதற்குக் காரணம் என்னவென்று வினவுவாரும் இல்லை. விடை கூறுவாரும் இல்லை.

இவ்வியாசத்தின் நோக்கம் மாணவ நண்பர்களை மெக்கானிக்குகளாக ஆக்குவதன்று. ஒரு யந்திரத்தின் உள்ளே நிகழ்வதை வெளியே தோன்றும் குறிகளைக் கொண்டு எவ்வாறு அனுமானிப்பது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவதே அதன் நோக்கம். அதற்கு கேம் ஷாப்ட், வால்வு, டைமிங் பெல்ட் என்னும் மூன்று உறுப்புக்களை எடுத்துக்கொள்வோம். இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றன் நோய் மற்றொன்றன் நோய்போலத் தோன்றி மயக்கும் இயல்புடையவை.

அமைப்பு

இக்காலத்துப் பெட்ரோல் கார்கள் 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய நிக்கோலாஸ் ஓட்டோ என்பவர் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையையே தழுவியவை. முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உள்ளிழுக்கின்றது. இரண்டாவதில் மேலேறி அதனை அழுத்துகின்றது. மூன்றாவதில் எரிந்து விரிந்த வாயுவினாற் கீழே தள்ளப்படுகின்றது. நான்காவதில் மீண்டும் மேலேறிப் புகையை வெளியேற்றுகின்றது. இந்நான்கு வீச்சுக்களும் முடிவதற்குள் கிராங்க் ஷாப்ட் இரண்டு முறை சுழன்றுவிடும். ஆனால் உள்வழி வால்வும் வெளிவழி வால்வும் அதற்குள் ஒவ்வொரு முறையே திறக்கவேண்டும். ஆகவே, அவற்றைத் திறக்கும் கேம் ஷாப்ட் கிராங்க் ஷாப்ட்டின் வேகத்திற் சரிபாதியாகவே சுழல்கின்றது. இவ்விகிதத்தை நிலைநிறுத்தும் பொருட்டே, மேற்சக்கரத்திற்குக் கீழ்ச்சக்கரத்தைப்போல் இரு மடங்கு பற்கள் வைக்கப்பட்டுள்ளன.

நிமிஷத்திற்கு 3000 சுற்று ஓடும் யந்திரத்தில் கேம் ஷாப்ட் 1500 சுற்றுச் சுழலும்; அஃதாவது, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வீதம், நிமிஷத்திற்கு 2000 சுற்றாக ஓடி, ஒரு வண்டி 1,00,000 கிலோமீட்டரைக் கடந்ததாகக் கொண்டால், அதன் ஒவ்வொரு வால்வும் 12 கோடி முறை திறந்து மூடியிருக்கும். கணக்கிட்டுப் பார்ப்பவர்க்கு, இவ்வுறுப்புக்கள் பழுதுறுதல் வியப்பன்று. இத்தனை காலம் பழுதுறாதிருத்தலே வியப்பாம்.

கிராங்க் ஷாப்ட்டின் சுழற்சியைக் கேம் ஷாப்ட்டுக்குக் கொண்டு செல்வதற்குப் பற்சக்கரமும் சங்கிலியும் பழங்காலந்தொட்டு வழங்கி வருவன. பல்லுள்ள ரப்பர் பெல்ட்டை அத்தொழிலுக்குப் பயன்படுத்திப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதற் கார், 1962-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பவேரியா நாட்டு டிங்கோல்ஃபிங் நகரத்திலிருந்து வெளிவந்த கிளாஸ் 1004 என்பதாகும். பெல்ட் ஓசையற்றது, இலேசானது, விலையுங் குறைந்தது. எனினும் அது ரப்பரும் கண்ணாடி இழையும் சேர்ந்த பொருளாகலின், இரும்பைப்போல் நெடுங்காலம் உழைப்பதன்று. தயாரித்தவர்கள் கிலோமீட்டராலும் ஆண்டாலும் அதற்கு இரண்டு எல்லை விதித்துள்ளனர். அவற்றுள் எது முந்துகின்றதோ அப்பொழுதே பெல்ட்டை மாற்றிவிடவேண்டும். அதிகம் ஓடாத வண்டி என்று வாளாவிருத்தல் தவறு. ஷெட்டில் நிற்கும் வண்டியிலும் ரப்பர் மூப்படைந்துகொண்டேயிருக்கின்றது.

பெல்ட் அறுதல்

பெல்ட் அறுந்த யந்திரம் இருமி இருமி நிற்பதில்லை. விளக்கை அணைத்தாற்போல் ஒரு கணத்தில் நின்றுவிடும். மீண்டும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுழற்றும்; ஆயின் ஓசை மாறியிருக்கும். நல்ல யந்திரத்தை ஸ்டார்ட்டர் சுழற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தும் வேளையில் ஓசை சற்றே தாழ்ந்து எழும். அது நாடித்துடிப்புப் போன்றது. பெல்ட் அறுந்த யந்திரத்திலோ அத்துடிப்பு இராது. திறந்த வால்வுகள் திறந்தபடியே நிற்பதாற் காற்று அழுந்தாமல் வழிவிடுகின்றது. ஆகவே யந்திரம் வழக்கத்தினும் விரைவாக, ஏற்றத்தாழ்வின்றி, "விர்" என்று சுழலும்.

இவ்வோசையைக் கேட்டவர் செய்யவேண்டுவது ஒன்றே: சாவியினின்றும் கையை எடுத்துவிடுதல். நம் ஊர்களில் நின்றுபோன வண்டியை நால்வர் கூடித் தள்ளி ஓட்டுவது வழக்கம். பிற நோய்களுக்கு அது மருந்தாகலாம். இந்நோய்க்கு அது நஞ்சாகும். என்னை? சிலவகை யந்திரங்களில் முழுதுந் திறந்த வால்வும் மேலேறிய பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்திற் பயன்படுத்துகின்றன. முறை தவறினால் இரண்டும் மோதிக்கொள்ளும். வால்வின் தண்டு வளையும். சிலவேளை பிஸ்டனும் உடையும். வேறுசில யந்திரங்களில் இவ்விரண்டுக்கும் இடையே போதிய இடம் விடப்பட்டிருப்பதால், பெல்ட் அறுந்தாலும் புதிய பெல்ட்டைப் பூட்டிய அளவில் வண்டி ஓடும். தம் வண்டி எவ்வகையைச் சார்ந்தது என்பதை அதன் உரிமையாளர் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

பெல்ட் அறுந்தது உண்மைதானா என்பதைக் காண எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி உள்ளே நோக்கலாம். பல யந்திரங்களில் அவ்வழியே கேம் ஷாப்டோ ராக்கரோ புலப்படும். பிளக்குகளுக்கு மின்சாரம் செல்லாதவாறு தடுத்து, ஒருவர் சாவியை ஒரு கணம் மட்டும் திருப்ப, மற்றொருவர் பார்க்கவேண்டும். ஸ்டார்ட்டர் சுழன்றும் கேம் ஷாப்ட் அசையாதிருப்பின் ஐயம் நீங்கிற்று. மேலுறையைக் கழற்றி, கண்ணால் நேரே காண்பது இதனினும் சிறந்தது.

இனி, பெல்ட் ஏன் அறுந்தது என்ற வினாவை விடுதலாகாது. பற்கள் ஓரிடத்தில் மட்டும் மழுங்கிப் பிய்ந்திருந்தால், அது இழுத்துச் சென்ற உறுப்பு ஏதோ இறுகிவிட்டது என்று கொள்ளலாம். அது கேம் ஷாப்ட்டாகவோ தண்ணீர்ப் பம்பின் பேரிங்காகவோ இருக்கலாம். ரப்பர் உப்பிக் கொழகொழத்திருந்தால், எண்ணெய் ஸீல் ஒழுகுகின்றது என்க. விளிம்பு நூல் நூலாகப் பிரிந்திருந்தால், உருளை கோணலாக நிற்கின்றது. முதுகெங்கும் வெடிப்புக் கண்டிருந்தால், மூப்பே காரணம். காரணத்தை நீக்காமற் புதிய பெல்ட்டைப் பூட்டுவது, ஓட்டையை அடைக்காமற் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

வால்வின் நோய்கள்

வால்வு மூடியிருக்கும்போது அதன் தண்டுக்கும் அதனைத் தள்ளும் உறுப்புக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி பல யந்திரங்களில் விடப்படுகின்றது. அது மில்லிமீட்டரில் ஒரு சில பத்திலொரு பங்கே யாயினும், சூட்டினால் வால்வு நீளும்போது அதற்கு இடங் கொடுப்பது அதுவே. இவ்விடைவெளி மிகுந்தால் "டிக் டிக்" என்னும் ஓசை கேட்கும். கேம் ஷாப்ட் பாதி வேகத்திற் சுழல்வதால், இவ்வோசையும் கிராங்க் ஷாப்ட்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எழும். கீழேயுள்ள பேரிங்குகளின் இடிப்போசையினின்றும் இதனைப் பிரித்தறிய இக்கணக்குத் துணை செய்யும்.

இடைவெளி குறைந்தால் ஓசை ஒன்றும் இராது, உரிமையாளரும் மகிழ்ந்திருப்பார். ஆயினும் இதுவே கொடிய நோய். வால்வு தன் பீடத்தில் முற்றும் படியாதாயின், எரியும் வாயு அவ்விடுக்கில் ஊதுலைபோற் பாய்கின்றது. வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைப் பீடத்தின் வழியாகவே வெளியேற்றுவதாகலின், படியாத வால்வு குளிர்ச்சியும் பெறாது. சிறிது காலத்தில் விளிம்பு கருகி ஒரு துண்டு வெந்து போகும். எப்பொழுதும் வெம்புகையில் நிற்கும் வெளிவழி வால்வே இதற்கு இலக்காவது. பெட்ரோலுக்குப் பதிலாக எரிவாயுவில் ஓட்டப்படும் வண்டிகளிற் பீடம் விரைவில் தேய்வதும், இடைவெளி குறைவதும் உண்டு. ஆகையால் அவற்றில் இப்பரிசோதனை இன்னும் அவசியம். சத்தமிடும் வால்வு எச்சரிக்கின்றது. மௌனமான வால்வு எச்சரிப்பதில்லை.

கேம் ஷாப்ட்டின் தேய்வு

கேம் ஷாப்ட் முறிவது அரிது, தேய்வதே பெரும்பான்மை. அதன் முட்டுக்கள் மிகச் சிறிய பரப்பில் மிகுந்த அழுத்தத்தைத் தாங்குவன. தலையின் மேற்புறத்தில் இருப்பதால், எண்ணெயும் அங்கே கடைசியாகவே சென்று சேர்கின்றது. எண்ணெய் குறைந்தாலும், பழகிக் கெட்டாலும் முதலில் வருந்துவது இதுவே. முட்டுத் தேய்ந்தால் வால்வு முழு உயரந் திறவாது. அச்சிலிண்டரின் மூச்சுக் குறையும். வெளிவழி முட்டுத் தேய்ந்ததாயின், வெளியேற இயலாத புகை உள்வழியிற் புகுந்து, அவ்வழியே வெடியோசை எழும்புவதும் உண்டு. வால்வோ நன்றாகவே மூடுகின்றது; ஆகவே காற்றுக் கசிவுப் பரீட்சையில் குற்றம் ஒன்றும் தோன்றாது. கசிவு இல்லை, தீப்பொறி உண்டு, எரிபொருளும் உண்டு; எனினும் ஒரு சிலிண்டர் உழைக்கவில்லை என்னும் நிலையில், முட்டின் உயரத்தை மைக்ரோமீட்டராலோ டயல் கேஜாலோ அளந்து, மற்றவற்றோடு ஒப்பிட்டறிதல் வேண்டும்.

நான்கு பரீட்சைகள்

மேற்கூறிய நோய்களைத் தலையைக் கழற்றாமலே பிரித்தறிய நான்கு பரீட்சைகள் உள.

முதலாவது, அழுத்தப் பரீட்சை. பிளக்கைக் கழற்றி அங்கே அழுத்தமானியைப் பூட்டி, காற்று வழியை முழுதுந் திறந்து, பலமுள்ள பாட்டரியால் யந்திரத்தைச் சுழற்றவேண்டும். சிலிண்டர்களின் அளவுகள் ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின் அதில் நோய் உண்டு. எல்லாம் ஒருங்கே தாழ்ந்திருப்பின் நோய் பொதுவானது.

இரண்டாவது, எண்ணெய் விட்டுச் சோதித்தல். தாழ்ந்த சிலிண்டரிற் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அளவு நன்கு உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தன என்க. எண்ணெய் அவற்றின் இடுக்கை அடைத்தது. உயரவில்லையாயின், குற்றம் வால்வின் பக்கத்தது. ஏனெனில் எண்ணெய் வால்வை எட்டி அடைப்பதில்லை.

மூன்றாவது, காற்றுக் கசிவுப் பரீட்சை. பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, பிளக்கின் துளை வழியே அழுத்தமான காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். காற்று உள்ளிழுக்கும் வழியிற் சீறினால் உள்வழி வால்வும், புகைக்குழலிற் சீறினால் வெளிவழி வால்வும், எண்ணெய் ஊற்றும் வாயிற் சீறினால் ரிங்குகளும், ரேடியேட்டரிற் குமிழி எழுந்தால் ஹெட் காஸ்கெட்டும் பழுது. காற்றின் வேகத்தால் யந்திரம் திடீரெனச் சுழலக்கூடுமாகலின், கையையும் ஸ்பானரையும் அதனிடத்தே விடலாகாது.

நான்காவது, வெற்றிடமானி. உள்வழிக் குழலில் இதனைப் பூட்டி யந்திரத்தை மெல்ல ஓடவிட்டால், கடல் மட்டத்திற்கு அண்மையான ஊர்களில், நல்ல யந்திரம் 17 முதல் 21 அங்குலம் வரை அசையாது காட்டும். முள் ஒழுங்காக, இடையிடையே விழுந்து எழுந்தால் ஒரு வால்வு கசிகின்றது. வேகம் ஏற ஏற முள் மிகுதியாக ஆடினால் ஸ்பிரிங்குகள் தளர்ந்தன. முள் தாழ்ந்து, ஆயின் அசையாது நின்றால், வால்வுகள் காலந்தாழ்த்துத் திறக்கின்றன என்று ஐயுறுதல் வேண்டும்.

இக்காலத்து வண்டிகளிற் கம்ப்யூட்டர் தானே சில குறிகளைச் சொல்லும். பி 0016 என்னுங் குறி, கிராங்க் ஷாப்ட்டும் கேம் ஷாப்ட்டும் ஒத்த நிலையில் இல்லை என்று அறிவிக்கும். ஏன் இல்லை என்று அறிவியாது. பெல்ட் பல் தாண்டியிருக்கலாம், சங்கிலி நீண்டிருக்கலாம், உணரியே கெட்டிருக்கலாம். பி 0340 என்பது கேம் ஷாப்ட் உணரியின் மின்வழியைச் சுட்டுவது. அறுந்த ஒரு கம்பியாலும் அது தோன்றும். இக்குறிகள் சாட்சிகளேயன்றி நீதிபதிகள் அல்ல.

ஓர் உதாரணம்

என் தாய்மாமன் ஒருவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். அவர் வண்டி நான்கு சிலிண்டர் கொண்ட பழைய வண்டி. மின்கருவிகள் மிகுதியாக இல்லாதது. ஓராண்டு ஏப்ரல் மாதத்தில் அதற்கு ஒரு பட்டறையில் புதிய டைமிங் பெல்ட் பூட்டினர். அன்று முதல் வண்டி மேடேற மறுத்தது, சூடு மிகுந்தது, பெட்ரோலும் அதிகம் குடித்தது. மீண்டும் அப்பட்டறைக்குச் சென்றபோது, அழுத்தத்தை அளந்து பார்த்து, "ரிங்குகள் தேய்ந்துவிட்டன; இன்ஜினை இறக்கவேண்டும்" என்றனர். அவர்கள் கேட்ட தொகை, தம் மகளைக் கல்லூரியிற் சேர்ப்பதற்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த தொகைக்கு ஏறக்குறையச் சமமாயிருந்தது. "வண்டி ஓடினால் அல்லவா, மருமகனே, வீடு ஓடும்? படிப்பை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்," என்று அவர் என்னிடம் கூறினார். அவர் மகள் அருகில் நின்று ஒன்றும் பேசாதிருந்தாள்.

யான் மெக்கானிக் அல்லேன், பௌதிகம் கற்பிப்பவன். ஆயினும் ஒன்று என் மனத்தை உறுத்தியது. ரிங்குகள் பல மாதங்களாகத் தேய்வன. வண்டியோ ஒரே நாளில், அதுவும் பெல்ட் மாற்றிய நாளிலிருந்து, வலுவிழந்தது. பின் தோன்றியது முன் நிகழ்ந்ததால் விளைந்தது என்று உடனே கொள்ளுதல் தருக்கப் பிழை என்பதை அறிவேன். ஆயினும் அது சோதித்தறியத் தக்க ஐயமே. ஆகவே, தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து, மேற்கூறிய பரீட்சைகளை ஒவ்வொன்றாகச் செய்யுமாறு வேண்டினேன்.

அழுத்தம் 12 கிலோ இருக்கவேண்டிய இடத்தில் நான்கு சிலிண்டர்களிலும் 10 கிலோவை ஒட்டியே நின்றது. தாழ்வு உண்மை, ஆயினும் நான்கும் ஒத்திருந்தன. எண்ணெய் விட்டு அளந்தோம். அளவு பெரிதும் உயரவில்லை. ஆகவே ரிங்குகள் குற்றமற்றன. அற்றேல் வால்வுகள் கருகினவோ எனின், நான்கு சிலிண்டர்களின் வால்வுகளும் ஒரே நாளில் ஒரே அளவாகக் கருகுதல் நம்பத்தக்கதன்று; காற்றைச் செலுத்திப் பார்த்தபோதும் சீறல் கேட்கவில்லை. வெற்றிடமானியின் முள் 13 அங்குலத்தில் ஆடாமல் நின்றது. நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவான காரணம் வேண்டும். வால்வுகள் நன்றாக மூடவேண்டும், ஆனால் தாமதமாக மூடவேண்டும். இவ்வெல்லாவற்றிற்கும் பொருந்துவது ஒன்றே: கேம் ஷாப்ட் பின்தங்கியிருக்கின்றது.

உறையைக் கழற்றிக் கிராங்க் ஷாப்ட்டைக் குறிக்கு நேரே நிறுத்தினோம். கேம் ஷாப்ட் சக்கரத்தின் குறி ஒரு பல் பின்னே நின்றது. அச்சக்கரத்தின் பற்கள் 40. ஒரு பல் என்பது கேம் ஷாப்ட்டில் 9 பாகை, கிராங்க் ஷாப்ட்டின் கணக்கில் 18 பாகை. உள்வழி வால்வு அவ்வளவு தாமதித்து மூடியதால், பிஸ்டன் மேலேறும்போது கலவையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிச் சென்றது; அழுத்தமும் வலுவும் குறைந்தன.

பட்டறையார் குறிகளைப் பாராமற் பூட்டினர் என்று கூறமாட்டேன், பார்த்தே பூட்டியிருப்பர். ஆனால் பெல்ட்டின் தளர்ச்சி முழுதும் இறுக்கும் உருளையின் பக்கத்தில் நிற்கவேண்டியிருக்க, இழுக்கும் பக்கத்திற் சிறிது தங்கிவிட்டது. யந்திரம் சுழன்றவுடன் அத்தளர்ச்சி இழுபட்டுக் கேம் ஷாப்ட் ஒரு பல் பின்தங்கிற்று. பூட்டிய பின்னர்க் கிராங்க் ஷாப்ட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகளை மறுபடியும் பார்த்திருப்பாராயின், அது அப்பொழுதே வெளிப்பட்டிருக்கும். ஐந்து நிமிஷ வேலை அது.

பெல்ட்டைச் சரியாகப் பூட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, யந்திரத்தை ஓடவிட்டோம். முள் 19 அங்குலத்திற்கு ஏறி நின்றது. மெக்கானிக் அரைநாட் கூலியே பெற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மாமன் தம் மகளை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்கு வந்து சேர்த்தார்.

முடிவுரை

இதனால் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, ஓர் அளவு தாழ்ந்தது என்பது நோயின் குறியேயன்றி நோயன்று. அழுத்தம் குறைந்தது என்பதுவரை பட்டறையார் கண்டது மெய். அதிலிருந்து ரிங்குகளுக்குத் தாவியதே பிழை. இரண்டாவது, எளிய பரீட்சையை முன்னும் பெருஞ் செலவைப் பின்னும் வைக்கவேண்டும். ஒரு கரண்டி எண்ணெயால் தீரக்கூடிய ஐயத்திற்காக ஒருவருடைய சேமிப்பைச் செலவிடுவித்தல் அறமாகாது. மூன்றாவது, நம் கையால் செய்த வேலையை நாமே ஒருமுறை திருப்பிப் பார்த்தல் இழிவன்று; அதுவே தொழிலின் கண்ணியம்.

மாணவ நண்பர்களே, நீங்கள் பௌதிகத்தையோ தருக்கத்தையோ பரீட்சைக்காகக் கற்கும்போது, இவை எங்கே பயன்படும் என்று ஒருவேளை அலுத்துக்கொள்ளலாம். ஏழை ஒருவர் உங்கள் முன் நின்று, "இதற்கு என்ன செய்வது?" என்று கேட்கும் நாள் வரும். அன்று, "ஏன் அப்படி? எதனால் அறிந்தீர்?" என்று அமைதியாக வினவக் கற்றிருப்பீர்களாயின், உங்கள் கல்வி வீணாகவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.